எங்க ஃபீல்டு நோட்ஸை கேட்காதீங்க: ஆய்வுக்குக் கூப்பிடற நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"இங்க வேலை நிஜமாவே எப்படி நடக்குதுன்னு கூடவே இருந்து பார்த்து சொல்லுங்க"ன்னு எங்களை மாதிரி இனவரைவியல் ஆய்வு பண்றவங்களைக் கூப்பிடற கம்பெனி நிர்வாகிகள், ஆஸ்பத்திரி நடத்தறவங்க, அரசுத் துறை அதிகாரிகள், தொண்டு நிறுவனம் வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் இந்த மடல். முதல்ல கூப்பிடறதுக்கே நன்றி. ஒரு சர்வே ஃபார்ம் அனுப்பி, நாலு கிராஃப் போட்டு விஷயத்தை முடிச்சிருக்கலாம், அதை விட்டுட்டு வெளியாள் ஒருத்தரை மாசக்கணக்குல உள்ள விட்டு பார்க்கச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும், அது உங்ககிட்ட இருக்கிறதாலதான் இதை உங்ககிட்டயே நேரா எழுதறேன்.

கேட்க வந்தது ஒரே விஷயம். நாங்க களத்துல எழுதற ஃபீல்டு நோட்ஸ், அதாவது யாரு எப்ப என்ன செஞ்சாங்க, என்ன சொன்னாங்கன்னு பேரோட நேரத்தோட எழுதி வச்சிருக்கிற நோட்டு, அதை எங்ககிட்ட கேட்காதீங்க. அக்ரிமெண்ட்டுல "ஆய்வின்போது உருவாகும் அனைத்து ஆவணங்களும் நிறுவனத்தின் சொத்து"ன்னு ஒரு வரி வருது இல்ல, அந்த வரியை எடுத்துடுங்க. சாஃப்ட்வேர் எழுதித் தர்றவங்களுக்கும் கட்டட பிளான் போட்டுத் தர்றவங்களுக்கும் போடற அதே வாசகத்தைத்தான் லீகல் டிபார்ட்மெண்ட் எங்களுக்கும் அப்படியே ஒட்டிடறாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யறதில்லன்னு தெரியும். ஆனா அந்த ஒரு வரியால மாட்டிக்கிறது உங்ககிட்ட வேலை பார்க்கிறவங்க.

ஏன்னு கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், பொறுத்துக்கங்க.

அந்த நோட்டுல என்னதான் இருக்கும்னு வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு சரியா தெரியறதில்ல, ஏதோ மீட்டிங் மினிட்ஸ் மாதிரின்னு நினைச்சுக்கறாங்க. பகல்ல நின்ன இடத்துலயே ரெண்டு மூணு வார்த்தையா கிறுக்கி வச்சுக்குவோம், ராத்திரி உட்கார்ந்து மறக்கறதுக்குள்ள அதையெல்லாம் விரிச்சு எழுதுவோம், ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத அதைவிட ரொம்ப அதிக நேரம் ஆகும். யாரு எங்க நின்னாங்க, சூப்பர்வைசர் உள்ள வந்ததும் எந்த இடத்துல பேச்சு நின்னுச்சு, ரெஜிஸ்டர்ல பத்து மணின்னு ஏறின வேலை நிஜத்துல எப்ப முடிஞ்சது, புதுசா சேர்ந்த பையனுக்கு யாரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தாங்க, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, இதெல்லாம் பேரோட இருக்கும். கூடவே அன்னைக்கு எனக்கு யார் மேல எரிச்சலா இருந்துச்சு, எது புரியல, இது இப்படித்தானோன்னு ஒரு யூகம், அடுத்த வாரம் அந்த யூகத்தை அடிச்சுட்டு எழுதின இன்னொரு யூகம், இதுவும் இருக்கும். அரைவேக்காட்டு விஷயம் நிறைய இருக்கும், இருக்கணும், அப்படி எழுதி எழுதித்தான் ஒரு இடம் பிடிபடுது.

இதையெல்லாம் கேள்வி கேட்டு வாங்க முடியாது. வில்லியம் ஃபூட் வைட்னு ஒருத்தர், ஹார்வர்டு கொடுத்த உதவித்தொகையில 1936ல இருந்து பாஸ்டன் நகரத்துல இத்தாலியர்கள் குடியிருந்த பகுதிக்கே போய் வருஷக்கணக்குல தங்கி ஆய்வு பண்ணாரு. ஆரம்பத்துல யாரு, எங்க, ஏன், எப்பன்னு கேள்வியா கேட்டுக்கிட்டு இருந்தவர்கிட்ட, அவருக்கு அந்தத் தெருவை அறிமுகப்படுத்தின ஆளு சொன்னது இன்னைக்கும் இந்தத் துறையில எல்லாரும் சொல்ற விஷயம்: இப்படி கேட்டா ஜனங்க வாயை மூடிக்குவாங்க, உன்னை ஏத்துக்கிட்டாங்கன்னா சும்மா கூட இரு, கேட்காமலே பதில் வரும்னாரு. அந்த ஏத்துக்கறது எதை நம்பி நடக்குது? இவன்கிட்ட சொன்னா நம்ம தலை உருளாதுங்கற நம்பிக்கைதான். அது போச்சுன்னா நோட்டு முழுக்க உங்க பாலிசி மேனுவல்ல ஏற்கனவே இருக்கிறதுதான் இருக்கும், அதுக்கு எங்களுக்கு எதுக்கு சம்பளம்.

வேலையிடத்துல இது எவ்வளவு பழைய பாடம்னு பாருங்க. சிகாகோ பக்கத்துல ஹாத்தார்ன் தொழிற்சாலை, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியோடது, டெலிஃபோன் சாதனங்கள் செஞ்ச இடம். வெளிச்சத்தை கூட்டினா உற்பத்தி கூடுது, குறைச்சாலும் கூடுதுன்னு ஒரு கதை எல்லா மேனேஜ்மெண்ட் கிளாஸ்லயும் சொல்வாங்க, அது இங்க நடந்த ஆய்வுகளைப் பத்தினதுதான். நான் சொல்ல வர்றது அதுக்கப்புறம் அங்க நடந்த இன்னொன்னு, அதைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்ல. 1931 நவம்பர்ல இருந்து 1932 மே வரைக்கும் 14 பேரை ஒரு தனி அறையில வேலை செய்ய வச்சு, உள்ளயே ஒரு பார்வையாளரை உட்கார வச்சாங்க. 9 பேர் ஒயர் சுத்தறவங்க, 3 பேர் சால்டர் வைக்கறவங்க, அதாவது ஒயர் முனைகளை ஈயத்தால பத்த வைக்கறவங்க, 2 பேர் செஞ்ச வேலையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். ஆஸ்திரேலியாவுல பழங்குடி மக்களோட இருந்து களப்பணி செஞ்சுட்டு வந்த லாய்டு வார்னர்ங்கற மானுடவியலாளர் இதை எப்படிப் பார்க்கணும்னு யோசனை சொன்னாரு.

அங்க என்ன தெரிஞ்சதுன்னா, நிறைய செஞ்சா நிறைய காசுன்னு கம்பெனி கணக்கு போட்டு வச்சிருந்த திட்டத்தை அந்த ஆளுங்க சட்டையே பண்ணல. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு அவங்களுக்குள்ளயே ஒரு அளவு வச்சிருந்தாங்க. அதைத் தாண்டி வேகமா செய்யறவனோட தோள்பட்டைக்குக் கீழ ஒரு குத்து விழும், விளையாட்டா விழுற மாதிரி இருக்கும், ஆனா அது எச்சரிக்கை. ஒரு நாள் அதிகமா செஞ்சா அதை மறைச்சு வச்சு குறைஞ்ச நாள்ல சேர்த்து கணக்கு சொல்லுவாங்க. ஒயர் சுத்தறவரும் சால்டர் வைக்கறவரும் வேலையை மாத்திக்கக் கூடாதுன்னு ரூல், தாராளமா மாத்திக்கிட்டாங்க. எழுதப்படாத விதிகள்ல ஒன்னு, கூட வேலை செய்யறவனுக்கு கெடுதல் வர்ற மாதிரி சூப்பர்வைசர்கிட்ட எதையும் சொல்லக்கூடாதுங்கறது.

இவ்வளவும் கம்பெனி செலவுல, கம்பெனி கட்டடத்துக்குள்ள நடந்த ஆய்வு. ஆனா அந்தப் பார்வையாளருக்கு ஆரம்பத்துலயே சொல்லி வச்சிருந்த விதிகள்ல ஒன்னு, அங்க கேட்டது எதையும், அது எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும், மேலதிகாரிங்ககிட்ட சொல்லக்கூடாதுங்கறது. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே, வேலையை முறைப்படுத்தறதுல வெறியா இருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு அது புரிஞ்சிருந்தது. அந்த விதி இல்லாம போயிருந்தா அந்த அறையில நடந்ததுல ஒரு வரி கூட வெளிய வந்திருக்காது.

இப்ப என் அனுபவத்துல ஒன்னு சொல்றேன், இடம் எதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆஸ்பத்திரி வார்டு, ராத்திரி ஷிப்ட். மருந்து கொடுத்ததும் உடனே கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு விதி. கம்ப்யூட்டர் சக்கரம் வச்ச ஒரு டிராலியில இருக்கும், அதுக்கு பேட்டரி நிக்காது, சுவத்துல பிளக் மாட்டின இடத்தை விட்டு நகர்த்தினா அணைஞ்சு திரும்ப லாகின் கேட்கும். அதனால நர்சுங்க ஒரு வெள்ளைத் தாளை நாலா மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு மடிப்பும் ஒரு வரிசை கட்டில். கட்டில் நம்பருக்கு நேரா ஒரு டிக், நேரம், மருந்தைத் துப்பிட்டா ஒரு வட்டம், நரம்பு கிடைக்காம ரெண்டாவது தடவை ஊசி போட்டா ஒரு கோடு. விடியக்காலையில அமைதியானதும் அந்தத் தாளைப் பார்த்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. ஷிப்ட் மாறும்போது அடுத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டறது ஸ்கிரீனை இல்ல, அந்தத் தாளைத்தான். வட்டமும் கோடும் போட ஸ்கிரீன்ல இடமே கிடையாது, ஆனா அடுத்து வர்றவங்களுக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதான்.

என் ரிப்போர்ட்ல இதை முக்கியமா எழுதினேன், பேட்டரியை மாத்துங்க, வட்டத்துக்கும் கோட்டுக்கும் ஸ்கிரீன்ல இடம் பண்ணுங்கன்னு. வந்த முதல் கேள்வி, எந்த நர்சுங்க? எந்தெந்த தேதி? நோட்ஸ் அனுப்புங்க, டைம் பொருந்தாத என்ட்ரி எல்லாத்தையும் ஆடிட் பண்ணணும். நான் கொடுக்கல, கொடுக்கணும்னு அக்ரிமெண்ட்லயும் இல்ல. அதுக்கப்புறம் பாக்கெட்ல தாள் வச்சிருக்கக் கூடாதுன்னு சர்குலர் வந்துச்சு. தாள் போகல, இன்னும் சின்னதா மடிஞ்சு இன்னும் உள்ள போச்சு, அவ்வளவுதான் மாறுச்சு. வார்டுல எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த அதே ஆளுங்க, நான் போனா எழுந்து நின்னாங்க. அப்படி எழுந்து நிக்கறாங்கன்னா ஆய்வு முடிஞ்சுதுன்னு அர்த்தம், இதைச் செய்யற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

பேரை மறைச்சுட்டுக் கொடுங்க போதும்னு சிலர் சொல்றாங்க. வெளியாளுங்ககிட்ட இருந்து மறைக்க அது உதவும், உள்ளாளுங்ககிட்ட இருந்து மறைக்காது. ஆறு பேர் இருக்கிற டீம்ல "அனுபவமுள்ள பெண் டெக்னீஷியன்"னு எழுதினா அது யாருன்னு வாட்ச்மேன் கூட சொல்லிடுவாரு. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊரை ஆய்வு பண்ணி 1958ல ஒரு புத்தகம் வந்துச்சு, ஊருக்கு ஸ்பிரிங்டேல்னு புனைபேர், ஆளுங்களுக்கும் புனைபேர். தனி ஆளுங்க அடையாளம் தெரியற மாதிரி எதுவும் அச்சுல வராதுன்னு ஊர்க்காரங்களுக்கு வாக்கு கொடுத்திருந்தாங்க. புத்தகத்தைப் படிச்ச ஊர்க்காரங்களுக்கு யாரு யாருன்னு கண்டுபிடிக்க நேரமே ஆகல. அடுத்து வந்த சுதந்திர தின ஊர்வலத்துல முகமூடி போட்டுக்கிட்டு, புத்தகத்துல தங்களுக்குக் கொடுத்திருந்த புனைபேரை மாட்டிக்கிட்டு வண்டியில போனாங்க, அதுக்குப் பின்னாடி வயலுக்கு எரு வீசற வண்டி ஒன்னுல முழுக்க சாணத்தை ஏத்தி, அதுக்கு மேல புத்தக ஆசிரியரோட பொம்மையைக் குனிய வச்சு இழுத்துட்டுப் போனாங்க. அது பக்குவமா எழுதி அச்சான புத்தகத்துக்கு நடந்தது, நீங்க கேட்கறது பக்குவம் பண்ணாத பச்சை நோட்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு, இது உங்க நலனுக்கே சொல்றது. நோட்டு உங்க சர்வர்ல இருந்தா அது உங்க ஆவணம், அப்ப அதை உங்ககிட்ட இருந்து யாரு வேணும்னாலும் சட்டப்படி கேட்கலாம். 1983ல அமெரிக்காவுல லாங் ஐலண்டுல ஒரு ரெஸ்டாரண்ட் தீப்பிடிச்சு எரிஞ்சுது, அங்க வெயிட்டரா வேலை பார்த்துக்கிட்டே வேலையிடத்தை ஆய்வு பண்ணிக்கிட்டிருந்த ஒரு முனைவர் பட்ட மாணவரோட ஃபீல்டு நோட்ஸை கேட்டு விசாரணையில சம்மன் வந்துச்சு, அவர் கொடுக்க மாட்டேன்னாரு, கீழ்க்கோர்ட்டு ஒரு மாதிரி சொல்ல மேல்கோர்ட்டு வேற மாதிரி சொல்ல, ரொம்ப காலம் இழுத்துச்சு. 1993ல ரிக் ஸ்கார்ஸ்ங்கற ஆய்வாளர் தன்கிட்ட நம்பிப் பேசினவங்களைப் பத்தி விசாரணையில சொல்ல மறுத்து 159 நாள் ஜெயில்ல இருந்தாரு. பாஸ்டன் காலேஜ்ல 2001ல தொடங்கின ஒரு திட்டம், வட அயர்லாந்து ஆயுதக் குழுக்கள்ல இருந்தவங்களைப் பேச வச்சு, நீங்க சாகற வரைக்கும் வெளிய வராதுன்னு சொல்லி பதிவு பண்ணி வச்சது. 2011ல சம்மன் வந்துச்சு, ஒரு பகுதி டேப் போலீஸ் கைக்கே போச்சு. இது கூட இருந்து பார்க்கற ஆய்வு இல்ல, வாய்மொழி வரலாறு, ஆனா வாக்கு கொடுத்தது ஒரே மாதிரிதான். நாளைக்கு உங்க இடத்துல ஒரு விபத்து, ஒரு தொழிலாளர் வழக்குன்னா, யாரோ ஒரு ஆய்வாளர் ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதின யூகம் எல்லாம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில "நிறுவனத்தின் சொந்த ஆவணம்"னு இருக்கும். அதை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?

சரி, பேர் வேண்டாம்னா எங்களுக்கு என்னதான் கிடைக்கும்னு நியாயமா கேட்பீங்க. நிறைய கிடைக்கும். 1990கள்ல கிறிஸ்டியன் ஹீத், பால் லஃப்னு ரெண்டு பேர் லண்டன் சுரங்க ரயில்ல பேக்கர்லூ லைன் கண்ட்ரோல் ரூமை வீடியோ எடுத்து, கூடவே இருந்து ஆய்வு பண்ணாங்க. அங்க ரயில் போக்குவரத்தை நடத்தற கண்ட்ரோலரும் பயணிகளுக்கு மைக்ல அறிவிப்பு கொடுக்கறவரும் பக்கத்து பக்கத்து சீட்டு. ரயில் தாமதமாச்சுன்னா கண்ட்ரோலர் பேப்பர் டைம்டேபிளுக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் தாள்ல பேனாவால மாத்தி எழுதிக்கிட்டே எந்த ரயில் எங்க திரும்புதுன்னு தனக்குத் தானே பேசற மாதிரி வாய்விட்டுச் சொல்லுவாரு. யார்கிட்டயும் சொல்ற மாதிரி இருக்காது, ஆனா பக்கத்துல இருக்கிறவர் அதைக் காதுல வாங்கிக்கிட்டு, யாரும் சொல்லாமலே மைக்கை எடுத்து அறிவிப்பை ஆரம்பிப்பாரு. அவங்க வேலைய பத்தின எந்த விதிப்புத்தகத்துலயும் இது இருக்க வாய்ப்பில்ல. இந்த ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உட்கார வச்சு ஆளுக்கொரு நல்ல ஸ்கிரீன் கொடுத்தா முன்னேற்றம்னு நினைக்கிற டிசைனருக்கு இதைவிட பெரிய எச்சரிக்கை வேணுமா? இதுல கண்ட்ரோலர் பேரு என்னன்னு தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப் போகுது.

ஜெராக்ஸ் கதையும் இதோட சேர்ந்ததுதான். ஜூலியன் ஓர்ங்கற மானுடவியலாளர், அவரே முன்னாடி டெக்னீஷியனா இருந்தவர், 1980கள்ல ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்றவங்க கூடவே சுத்தினாரு. கம்பெனி கொடுத்த மேனுவல், இந்த எரர் வந்தா இதைச் செக் பண்ணுன்னு படிப்படியா இருக்கும், மெஷினோ அதை மதிக்காது. அவங்க நிஜத்துல கத்துக்கிட்டது ஒன்னா உட்கார்ந்து சாப்பிடறப்ப, போன வாரம் ஒரு மெஷின் என்னை என்ன பாடு படுத்துச்சு தெரியுமான்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்ட கதைங்கள்ல இருந்து. மேலோட்டமா பார்த்தா வெட்டிப் பேச்சு, நேரம் வீணாகுதுன்னு கட் பண்ண வேண்டிய விஷயம். அந்தப் புரிதல்ல இருந்து பின்னாடி 1990கள்ல அந்தக் கம்பெனி யுரேகான்னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்துச்சு, டெக்னீஷியனே தான் கண்டுபிடிச்ச தீர்வை எழுதி மத்தவங்களுக்குப் போடலாம், எழுதினவர் பேரோட வரும். இங்க பேர் வந்தது பாருங்க, அவங்களா முன்வந்து, தன் வேலைக்குப் பெருமையா போட்ட பேர். அந்தப் பேரை நாங்க மறைக்கச் சொல்லல. ஒருத்தர் பேரை எங்க சொல்லணுங்கறதை அந்த ஒருத்தர் முடிவு பண்ணட்டும்னுதான் சொல்றோம்.

நோட்டை வாங்கிட்டா ஆய்வே கைக்கு வந்துடும்னு ஒரு நினைப்பு இருக்கு, அதுவும் சரியில்ல. எம்.என். சீனிவாஸ்ங்கற இந்தியச் சமூகவியலாளர் 1948ல மைசூர் பக்கத்துல ராம்புரான்னு அவர் பேர் வச்ச கிராமத்துல களப்பணி செஞ்சாரு. 1970ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல அவர் எழுதிக்கிட்டிருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வச்சதுல, வருஷக்கணக்கா அவர் பிரிச்சு வகைப்படுத்தி வச்சிருந்த குறிப்புங்க எரிஞ்சு போச்சு. ஞாபகத்தை முதன்மையா வச்சு எழுதினாரு, 1976ல புத்தகமா வந்துச்சு, இன்னைக்கும் இந்திய கிராமத்தைப் பத்தி படிக்கறவங்க அதைத் தொடாம போக முடியாது. கூட இருந்த ஆளுக்குள்ள தங்கற புரிதல் அது. நோட்டு அந்த ஆளுக்கு ஞாபகப்படுத்தறதுக்கு, வேறொருத்தர் எடுத்து படிச்சா பாதி வரி புரியாது, புரிஞ்ச மாதிரி தோணற பாதி இன்னும் ஆபத்து. இப்ப சிலர் இந்த நோட்டு எல்லாத்தையும் ஏஐல போட்டு சுருக்கம் எடுத்துக்கறோம்னு கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. வேண்டாம். ஒரு பேரை டைப் பண்ணா அந்த ஆள் மாசக்கணக்குல பேசினது எல்லாம் ஒரு நொடியில வரிசையா வந்து நிக்கும், அதை எந்த மேனேஜர் கையில கொடுத்தாலும் தப்புதான்.

எதிர்த்து கேட்கற கேள்விங்கள்ல ஒன்னு உண்மையிலயே கனமானது. நோட்டை யாரும் பார்க்கலன்னா நீங்க கதை விட்டாலும் யாருக்குத் தெரியும்? 2014ல அமெரிக்காவுல ஒரு இளம் சமூகவியலாளர், போலீஸ் தேடற இளைஞர்களோட வருஷக்கணக்குல இருந்து எழுதின புத்தகம் பெரிய பேர் வாங்குச்சு. அப்புறம் அதுல சில சம்பவங்க நடந்திருக்குமான்னு கேள்வி வந்தப்ப, அந்த ஆளுங்களைக் காப்பாத்தறதுக்காக நோட்ஸை அழிச்சுட்டேன்னாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா சரிபார்க்க வழியில்லாம போச்சு, சண்டை இன்னும் தீரல. அதனால யாருக்குமே காட்ட மாட்டோம்னு நாங்க சொல்லல. உங்க நிறுவனத்துல சம்பளம் வாங்காத, உங்களுக்கு ரிப்போர்ட் பண்ணாத, இதே துறையில இருக்கிற ஒருத்தரை ரெண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம், பேர் மாத்தின நோட்ஸை அவர் வந்து படிக்கட்டும், ரிப்போர்ட்ல இருக்கிறது நோட்ஸ்ல இருக்கான்னு பார்க்கட்டும், இருக்கு இல்லன்னு உங்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு இதுக்கு மேல நேர்மையான வழி இல்ல.

உயிருக்கு ஆபத்தான ஒன்னைப் பார்த்துட்டு நோட்ல எழுதி மூடி வச்சுக்குவீங்களான்னும் கேட்பீங்க. மாட்டோம். யாராவது காயப்படற நிலைமைன்னா அந்த நிமிஷமே வாயைத் திறப்போம், முதல்ல அங்க இருக்கிறவங்ககிட்ட, தேவைப்பட்டா மேல. இதை ஒப்புதல் வாங்கறப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிடுவோம், எதை மறைப்போம் எதை மறைக்க மாட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் டீக்கு அஞ்சு நிமிஷம் கூட எடுத்ததும் இதுவும் ஒன்னு கிடையாது. ரெண்டையும் ஒன்னாக்கித்தான் நோட்ஸை கேட்கறது வழக்கமா நடக்குது.

ஒப்புதல்னு சொன்னேன் இல்ல, அங்க ஒரு சின்ன விஷயம். மேனேஜர் நின்னுக்கிட்டு "இவங்க ஆய்வுக்கு வந்திருக்காங்க, ஒத்துழைப்பு கொடுங்க"ன்னு அறிமுகப்படுத்திட்டு அங்கயே நின்னா, அப்புறம் யாரு மாட்டேன்னு சொல்லுவா. அறிமுகப்படுத்திட்டு தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க. மாட்டேன்னு சொன்னவங்க லிஸ்ட்டையும் கேட்காதீங்க.

தொழிற்சாலை, ஆபீஸ் மட்டும் இல்ல. மக்கள் வாழற இடங்களை, சமூகங்களை ஆய்வு பண்ணச் சொல்ற அமைப்புங்களுக்கும் துறைகளுக்கும் இதேதான், அங்க இன்னும் பெரிய அளவுல. வேலையிடத்துல வேலை போகும், அங்க வீடு போகலாம், உதவித்தொகை போகலாம், ஆளே போகலாம். 1919ல ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்க மானுடவியலையே கட்டி எழுப்பினவர், முதல் உலகப் போர் சமயத்துல ஆய்வாளர்னு சொல்லிக்கிட்டு உளவு பார்த்த நாலு பேரைப் பத்தி, பேர் சொல்லாம, ஒரு பத்திரிகைக்கு கடிதம் எழுதினாரு. அமெரிக்க மானுடவியல் சங்கம் உளவு பார்த்தவங்களை விட்டுட்டு அவரைக் கண்டிச்சு தீர்மானம் போட்டுச்சு, 2005லதான் அதை வாபஸ் வாங்கினாங்க. அதே சங்கம் 1971ல, ஆய்வாளரோட முதல் பொறுப்பு தான் ஆய்வு பண்ற மக்களுக்குத்தான்னு எழுத்துல வச்சுது. 2007ல ஈராக்லயும் ஆப்கானிஸ்தான்லயும் அமெரிக்க ராணுவத்தோட சமூக ஆய்வாளர்களை அனுப்பற திட்டம் வந்தப்ப, அந்த மக்கள் சொல்றது அவங்களைக் குறி வைக்கவே பயன்படலாம்னு சொல்லி எதிர்த்துச்சு. போவாஸ் சொன்னதுக்கு சங்கம் வந்து சேர அவ்வளவு வருஷம் ஆச்சு. நிதி கொடுக்கறவங்க "பயனாளிகள் விவரம், நேர்காணல் பதிவுகள் அனைத்தும் இணைப்பில்"னு கேட்கறப்ப இது எனக்கு ஞாபகம் வரும்.

இவ்வளவு தூரம் படிச்சவங்ககிட்ட நான் கேட்கறது இதுதான். அடுத்த அக்ரிமெண்ட்ல அந்தச் சொத்து வரிக்குப் பதிலா, ரிப்போர்ட் நிறுவனத்தோடது, ஃபீல்டு நோட்ஸும் ஒலிப்பதிவும் ஆய்வாளரோட பாதுகாப்புல இருக்கும், நிறுவனமோ அதோட ஆளுங்களோ அதைக் கேட்க மாட்டாங்கன்னு எழுதுங்க. நிஜப் பேரையும் புனைபேரையும் இணைக்கிற அட்டவணையை எப்ப அழிக்கணும்னு ஒரு தேதி போடுங்க. ரிப்போர்ட்ல இருக்கிறதை வச்சு எந்த ஊழியர் மேலயும் நடவடிக்கை இல்லன்னு ஒரு வரி சேர்த்து, அதை நோட்டீஸ் போர்டுல அவங்க படிக்கிற மொழியில ஒட்டுங்க. ரிப்போர்ட் உங்க டேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆய்வுல இருந்தவங்க ஒரு தடவை படிச்சு, இது என்னைக் காட்டிக் கொடுக்குது, இது தப்புன்னு சொல்ல ரெண்டு வாரம் கொடுங்க, அதுக்கான சம்பள நேரத்தையும் கொடுங்க. லீகல் ஆளுங்களுக்கு சந்தேகம் இருந்தா நான் வந்து உட்கார்ந்து பேசறேன், அதுக்குக் காசு வேண்டாம்.

அந்த நர்சுங்க வார்டுல பேட்டரி மாறுச்சான்னு இன்னும் தெரியல. அந்த நிர்வாகத்துல இருக்கிற யாராவது இதைப் படிச்சா, முதல்ல அதை மாத்துங்க.

இப்படிக்கு,
வேலையிடங்கள்ல கூட இருந்து பார்க்கறதையே தொழிலா வச்சிருக்கிற ஒருத்தர்